கறையானின் பாதை: மானி ஃபார்பரை வன்னியிலிருந்து வாசித்தல்

1946இல் வந்த 'த பிக் ஸ்லீப்' படத்தில் ஒரு இடம். துப்பறிவாளராக வரும் ஹம்ப்ரி போகார்ட் ஒரு புத்தகக்கடையிலிருந்து வெளியே வந்து, இன்னொரு புத்தகக்கடைக்குப் போகத் தெருவைக் கடக்கிறார். கடக்கும்போது தலையை நிமிர்த்தி ஒரு பலகையைப் பார்க்கிறார். அவ்வளவுதான். அதனால் கதை ஒரு அங்குலமும் நகராது. கொலையும் மிரட்டலும் காதலும் நிறைந்த படம் அது. கதை சரியாகப் பிடிபடாது என்று பெயர் எடுத்த படமும்கூட. அந்தப் படத்திலிருந்து அமெரிக்க சினிமா விமர்சகர் மானி ஃபார்பர் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பார்வையைத்தான். கண் இமைக்கிற நேரமே வரும் இது, நாற்பதுகளின் சினிமாவில் வந்த அருமையான தருணங்களில் ஒன்று என்று எழுதினார்.

ஃபார்பரின் பெயர் எங்கள் பக்கம் அதிகம் அடிபடுவதில்லை. அவருடைய நாட்டிலேயே நெடுங்காலம் அப்படித்தான். சினிமா எழுதுகிறவர்கள் அவரைத் தங்களுக்குள் கைமாற்றி வாசித்தார்கள், வெளியே பெரிதாகத் தெரியவில்லை. 1917இல் அரிசோனாவில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய டக்ளஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பெற்றோர் துணிக்கடை வைத்திருந்தார்கள். சித்திரம் படித்தார், தச்சுவேலை பழகினார். எழுத்தும் ஓவியமும் சோறு போடாத வருடங்களில் தச்சுவேலைதான் போட்டது. 1942இல் 'த நியூ ரிப்பப்ளிக்' இதழில் எழுதத் தொடங்கினார். பிறகு 'த நேஷன்', 'ஆர்ட்ஃபோரம்' என்று பல இதழ்கள். நடுவில் ஆண்களுக்கான கவர்ச்சிச் சஞ்சிகை ஒன்றிலும் எழுதியிருக்கிறார். முதல் புத்தகமான 'நெகட்டிவ் ஸ்பேஸ்' வந்தது 1971இல், அவருக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது. 1977க்குப் பிறகு விமர்சனம் எழுதுவதையே விட்டுவிட்டார். 2008இல் இறக்கும்வரை செய்தது ஓவியம்.

இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கிற எனக்கு அவர் கிடைத்தது சமாதான காலத்தில், போர் நின்றிருந்தபோது. 2002இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 நெடும்பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து புத்தகமும் ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பிரதி எடுத்து வந்த ஒரு கட்டுரை கிளிநொச்சியில் என் கைக்கு வந்தது. ஓரங்கள் கறுத்த போட்டோப் பிரதி. அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். அந்தக் கட்டுரை 1962இல் 'ஃபிலிம் கல்ச்சர்' இதழில் வந்தது. அதில் ஃபார்பர் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று வெள்ளை யானைக் கலை, மற்றது கறையான் கலை.

வெள்ளை யானை என்பது, தான் ஒரு மகத்தான படைப்பு என்ற நினைப்போடு பிறக்கிற கலை. ஒவ்வொரு மூலையிலும் அர்த்தம் திணித்திருக்கும். எல்லாம் ஒரே கருப்பொருளுக்கு ஊழியம் செய்யும். கறையான் கலைக்கு அந்த நினைப்பே கிடையாது. தன் முன்னால் இருக்கிற சின்ன இடத்தை அரித்துக்கொண்டே போகும், தன் எல்லைகளையும் சேர்த்து. போன பிறகு மிஞ்சுவது, அது ஆர்வத்தோடும் ஒழுங்கில்லாமலும் வேலை செய்த அடையாளம் மட்டும்.

வன்னியில் இருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டு உயிர்களையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யானை வயலுக்குள் வந்தால் ஊரே பந்தமும் வெடியுமாக ஓடும். கறையான் வந்தது யாருக்கும் தெரியாது. புற்றுமண்ணை வெட்டி அடுப்புப் போட்டிருக்கிறோம், நிலம் மெழுகியிருக்கிறோம். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் சிறுபிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். 2010இல் மீள்குடியேறி வளவுக்குத் திரும்பி வந்தபோது கதவு நிலைகளைக் கறையான் தின்றிருந்தது. பனை வைரத்தில் போட்ட தீராந்திகள் மட்டும் நின்றன. ஒரு தகரப்பெட்டிக்குள் அம்மாவின் கலியாண அல்பம் கிடந்தது. பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தபடியால் கறையான் உள்ளே போயிருந்தது. நடுப்பக்கங்கள் மண்ணாய்ப் போயிருந்தன. ஓரங்களில் படங்கள் துண்டு துண்டாக மிஞ்சியிருந்தன: ஒரு தாம்பாளத்தின் விளிம்பு, கதிரைக் கால், யாரோ ஒருவரின் முழங்கை. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டுகளைப் பார்த்து, "இது உன்ர சின்னம்மாவின்ர கை. இந்தக் காப்பு அவவுக்குப் பெரிசு, எப்பவும் மேல தள்ளித் தள்ளி விடுவா" என்றார். முழுப்படம் இருந்த காலத்தில் அந்தக் காப்பைப் பற்றி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஃபார்பரின் கட்டுரையில் நான் அடிக்கோடு போட்டிருந்த பகுதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1962இல் வந்த 'த மேன் ஹூ ஷொட் லிபர்ட்டி வாலன்ஸ்' படத்தில் ஜோன் வெயினின் நடிப்பைப் பற்றியது. ஃபார்பருக்கு அந்தப் படத்தின் ஊர் பொய்யாகத் தெரிகிறது. கள்ளிச்செடியை நேற்று இரவுதான் நட்டிருக்கிறார்கள் என்கிறார். சுற்றியிருப்பவர்கள் குடிகாரன், கோழை, பேராசைக்காரன் என்று பொதுப்படையாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். வெயின் ஒருவர் மட்டும் ஒரு கதிரையைச் சுவரில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் முன்னால் இருக்கிற அந்தக் கணத்தை மட்டும் கொறித்துக்கொண்டிருக்கிறார். கதிரையைச் சுவரில் சாய்த்து எப்படி உட்காருவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃபார்பர் அதை நடிப்பின் உச்சமாக எடுத்துக்கொள்கிறார். தச்சுவேலை செய்த ஒருவர்தான் கதிரையை இப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றும். ஒரு சாமான் எப்படி நிற்கிறது, எங்கே பாரம் தாங்குகிறது என்பது அவருடைய கைக்குத் தெரியும்.

இதை வாசித்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஏன் என்று சொல்ல, நாங்கள் படம் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பெற்றோலை மருந்து மாதிரி ஊற்றிக் கிளப்பிவிட்டு மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். யாராவது ஒரு வளவில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தால் ஊர் பாயோடும் சாக்கோடும் வந்து இறங்கிவிடும். பலமுறை ஓடித் தேய்ந்த கசெற். படத்தின் மேல்பாதியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேற்றர் சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. எண்ணெய் முடிந்தால் படமும் முடிந்துவிடும். மேலே விமானச் சத்தம் கேட்டால் முதலில் அணைப்பது ரீவியைத்தான். முடிவு பார்க்காத படங்கள் எனக்கு நிறைய உண்டு. "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் அக்கா தானே ஒரு முடிவு கட்டிச் சொல்லுவா. அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கதை இல்லாமல், சத்தம் இல்லாமல், துண்டு துண்டாகப் பார்த்தவனுக்கு என்ன மிஞ்சும்? ஒருத்தி கதவைச் சாத்தும் விதம், சைக்கிளை ஸ்டாண்டில் போடாமல் மதிலில் சாய்த்துவிட்டு ஓடுகிறவனின் அவசரம், சண்டைக்காட்சியில் பின்னால் நின்று உண்மையிலேயே பயந்துபோன ஒரு துணை நடிகர். இவற்றைச் சொன்னால், "படம் விளங்காமல் பார்த்திருக்கிறாய்" என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஃபார்பரோ இந்தத் துண்டுகளில்தான் படமே இருக்கிறது என்று எழுதியிருந்தார். 1957இல் 'கொமென்டரி' இதழில் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, நியூயோர்க்கின் அழுக்குத் தியேட்டர்களில் ஓடிய மலிவான அதிரடிப் படங்களைப் பற்றியது. ஹோவர்ட் ஹொக்ஸ், ரவுல் வால்ஷ், அன்டனி மேன் போன்ற இயக்குநர்களை, கௌரவமான விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், அவர் உட்கார்ந்து பார்த்தார். அவர்களை மேதைகள் என்று தூக்கிப் பிடிப்பது அவர் நோக்கம் இல்லை. ஒரு அறைக்குள் ஆட்களை எப்படி நிறுத்துகிறார்கள், எப்படி நடக்கவிடுகிறார்கள் என்றுதான் பார்த்தார்.

பின்னாளில் அவர் பாடம் நடத்திய விதத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு வன்னி ரீவிதான் ஞாபகம் வந்தது. 1970இல் கலிபோர்னியாவுக்குப் போய் சான் டியேகோவிலுள்ள பல்கலைக்கழகத்தில் 1987வரை கற்பித்தார். வகுப்பில் ஒரு படத்தை முழுதாக ஓட்டுவது அபூர்வம். ஒரு ரீல் போடுவார், நிறுத்துவார், பின்னோக்கி ஓட்டுவார், வேறொரு படத்துக்குத் தாவுவார், நடுவில் ஓவியங்களின் சிலைட் காட்டுவார். கதை உடைந்துபோனால் கண் வேலை செய்யத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது வறுமையால் வந்தது. அவர் வேண்டுமென்றே செய்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் கண்ணுக்குக் கிடைத்த பயிற்சி வீண் இல்லை என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இனி ஓவியம். அவரை நான் முக்கியமானவராக நினைப்பதற்குக் காரணமே இந்த இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததுதான். எழுபதுகளின் நடுவரை பெரிய காகிதங்களில் அருவமான ஓவியங்கள் செய்தார். பிறகு திடீரென்று இனிப்புகள். அமெரிக்கப் பெட்டிக்கடையில் விற்கும் சொக்லேட் கட்டிகளையும் மிட்டாய்ப் பொதிகளையும் மேலிருந்து பார்த்த மாதிரி தீட்டினார். அதன்பிறகு வந்தவை இயக்குநர்களைப் பற்றிய ஓவியங்கள். 1977இல் வரைந்த ஒன்றின் பெயர் 'ஹோவர்ட் ஹொக்ஸ் II'. 1982இல் வரைந்தது 'ரோமேரின் முழங்கால்'. இவற்றில் இயக்குநரின் முகம் இருக்காது. பலகை முழுவதும் ஒரு மேசை. அதை நேர் மேலிருந்து பார்க்கிறோம். பொம்மை ரயில் தண்டவாளங்கள், சின்னச் சின்ன உருவங்கள், பெட்டிகள், கையால் எழுதிய குறிப்புத் துண்டுகள். பிந்திய வருடங்களில் வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளும் பூக்களும் திறந்த புத்தகங்களும். எந்தச் சாமானும் மற்றதைவிட முக்கியம் இல்லை. நடு என்று ஒன்று கிடையாது. கண் ஒரு மூலையில் இறங்கி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு குறிப்பில் தடுக்கி, வேறு பக்கம் திரும்ப வேண்டும்.

அவருடைய எழுத்தும் இதே மாதிரித்தான் ஓடும். ஒரு பந்தி எங்கே தொடங்கியது, எங்கே போய் நிற்கிறது என்று யூகிக்க முடியாது. பெயரடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரே வாக்கியத்தில் ஒரு நடிகரைப் புகழ்ந்து, அதே மூச்சில் குத்துவார். படம் பிடித்ததா இல்லையா என்பதைச் சொல்வது விமர்சனத்தின் மிகச் சின்ன வேலை என்று அவர் நினைத்தார். நட்சத்திரக் குறி போடுகிறவர்கள் நடுவே அப்படி ஒருவர் பிரபலமாகாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு வரியில் தூக்கி விளம்பரத்தில் போடுவதற்கு அவர் எழுத்தில் ஒன்றும் அகப்படாது.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பொருட்களைப் பார்த்து வரைய மேசையில் குடம், துணி, இரண்டு மாம்பழம் வைத்து, பிள்ளைகளை முன்னால் இருத்துவது வழக்கம். ஃபார்பரின் ஓவியங்களைப் பார்த்த பிறகு ஒரு நாள் மேசையை ஒதுக்கிவிட்டு நிலத்தில் பாயை விரித்தேன். வீட்டில் தினமும் கைபடுகிற ஒரு சாமானைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சைக்கிள் செயின், மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டு, ரீலோட் காட், தேங்காய்த் துருவலையின் அலகு, தேய்ந்த பாட்டாச் செருப்பு, அம்மம்மாவின் கிளினிக் கொப்பி. எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டுச் சுற்றி நின்று மேலிருந்து பார்த்து வரையச் சொன்னேன். ஒரு பொடியன் பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். "சேர், எதை நடுவில கீறுறது?" என்றான். "நடு எண்டு ஒண்டும் இல்லை, உனக்குப் பக்கத்தில கிடக்கிறதில தொடங்கு" என்றேன். அவனுக்கு அது சரியாகப் படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செருப்பின் வாரிலிருந்து தொடங்கினான். அந்த வார் அறுந்து, சட்டை ஊசியால் கோத்திருந்தது. ஊசியை எவ்வளவு கவனமாக வரைந்தான் என்று சொல்லிமாளாது. கிளினிக் கொப்பி கொண்டுவந்த பிள்ளை, கொப்பிக்குப் பக்கத்தில் வெறும் இடத்தில் "வியாழன் விடியப் போகவேணும்" என்று எழுதியிருந்தாள். ஓவியத்துக்குள் எழுதலாமா என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

இதே பிள்ளைகளைச் சித்திரப் போட்டிக்கு அனுப்பினால் வேறு மாதிரி வரையும். புறா, உதயசூரியன், கைகோத்த கைகள், முள்வேலி, அழுகிற தாய். பரிசு அதற்குத்தான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் சொல்லிக்கொடுத்தது? எங்களைப் படம் பிடித்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். 2009இல் போர் முடிந்த பிறகு வந்த கமெராக்கள் எல்லாம் கிளிநொச்சியில் ஏ9 ஓரமாக விழுந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன்னால்தான் முதலில் நின்றன. பிரமாண்டமான கொங்கிறீற் கிண்ணம் சரிந்து கிடக்கும் காட்சி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் அர்த்தம் தானாக வரும். நான் அதைக் குறை சொல்லவில்லை. அது நடந்தது, பதிவாக வேண்டியதுதான். ஆனால் வன்னி என்றாலே பெரிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எல்லாரும் முடிவு எடுத்துவிட்டார்கள். வீரம், துரோகம், பேரழிவு, மீண்டெழுதல் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வெள்ளை யானை இருக்கிறது. அந்தப் படங்களில் வருகிற ஒருவருக்கும் சட்டைப் பொத்தான் போடும் பழக்கம் என்று ஒன்று இருப்பதாகத் தெரிவதில்லை. இவ்வளவு இழப்பு நடந்த இடத்தில் செருப்பு வாரையும் காப்பையும் பார்ப்பது அற்பம் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழந்தவர்கள் ஆட்கள். ஆட்களை அடையாளம் காண்பது காப்பை மேலே தள்ளும் விதத்தில்தான்.

ஃபார்பரின் செல்வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடினால் அதுவும் புற்று மாதிரி நிலத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. ஜொனதன் ரோசன்பாம், ஜே. ஹோபர்மன் போன்ற விமர்சகர்கள் அவரிடமிருந்து கற்றதை மறைத்ததில்லை. சூசன் சொன்டாக் அவரை அமெரிக்கா தந்த மிகக் கூர்மையான, மிகச் சுயமான சினிமா விமர்சகராகக் கருதினார். பிரெஞ்சு இயக்குநர் கொடாருடன் வேலை செய்த ஜோன் பியர் கொரன், ஃபார்பர் கூப்பிட்டுத்தான் சான் டியேகோவுக்குப் படிப்பிக்க வந்தார். 1986இல் கொரன் எடுத்த 'ரூட்டின் பிளெஷர்ஸ்' என்ற படம், பொம்மை ரயில் ஓட்டுகிற ஆண்கள் குழு ஒன்றையும் ஃபார்பரின் ஓவியங்களையும் மாறி மாறிப் பார்க்கிறது. 2009இல் ஃபார்பரின் சினிமா எழுத்து முழுவதும் ஒரே தொகுதியாக வந்தது. 2018இல் லொஸ் ஏஞ்சலிஸின் தற்காலக் கலை அருங்காட்சியகம், அவரையும் அவருடைய கறையானையும் வைத்தே பல கலைஞர்களின் படைப்புகளைச் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது.

அவர் சொன்னதையெல்லாம் நான் ஒத்துக்கொள்வதில்லை. அதே 1962 கட்டுரையில் அன்டோனியோனியையும் ட்ரூஃபோவையும் வெள்ளை யானை மேய்ப்பவர்கள் என்று அடித்துத் தள்ளுகிறார். அன்டோனியோனியின் படங்களில் ஆட்கள் போன பிறகும் கமெரா காத்திருக்கும் வெற்றுத் தெருக்களை அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, அவருடைய ஐம்பதுகளின் உலகம் முழுக்க ஆண்கள். துப்பாக்கி, லொறி, சாராயக்கடை. பெண்கள் அதற்குள் வந்து போகிறவர்கள்.

அதை மாற்றியவர் அவருடைய மனைவி பற்றீஷியா பற்றர்சன். அவரும் ஓவியர். அயர்லாந்தின் அரன் தீவில் கண்ட வீடுகளையும் மனிதர்களையும் பல வருடங்களாகத் தீட்டியவர். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஃபார்பரின் கட்டுரைகளில் அவருக்குப் பங்கு இருக்கிறது. பின்னர் இருவர் பெயரிலும் வெளிவந்தன. ஃபார்பரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை. அவர்கள் சேர்ந்து எழுதிய கடைசிப் பெரிய கட்டுரை 1977இல் 'ஃபிலிம் கொமென்ட்' இதழில் வந்தது. ஷான்டல் ஆக்கர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' படத்தைப் பற்றியது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். ஒரு விதவைத் தாய் சமைக்கிறாள், கட்டிலை விரிக்கிறாள், உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். கமெரா அசையாமல் நின்று அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரமும் பார்க்கிறது. போகார்ட் தெருவைக் கடப்பதைப் பார்த்த அதே கண், இங்கே ஒரு குசினியில் வந்து நிற்கிறது. 2022இல் 'சைட் அன்ட் சவுண்ட்' நடத்திய உலக விமர்சகர் வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடத்துக்கு வந்தபோது பலர் திகைத்தார்கள். அந்தக் குசினியின் ஓடுகளையும் நிறங்களையும் இவர்கள் இருவரும் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பே கவனித்து எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஃபார்பரை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு, கறையான் கட்டுரையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முதலில் இந்த 1977 கட்டுரை, அதுவும் படத்தைப் பார்த்த பிறகு. எங்கள் பக்கத்தில் கணவர் இல்லாமல் குடும்பத்தை இழுக்கிற பெண்களைப் பற்றிப் படம் எடுக்க வருகிற தம்பி தங்கச்சிகளிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேட்டி எடுக்க முதல் அந்த அக்காமார் அரிசி களைவதை முழுதாக ஒரு தடவை எடுங்கள், வெட்டாமல்.